காய்ச்சல் விட்ட பிறகு

அன்புத் தங்கச்சி,

கேஎல் சென்ட்ரலில் கொமியூட்டர் ஏறி, கிள்ளான் வரை வார்டு பயிற்சிக்கு வருகிறாய். முதல் வருடப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஐசியூவில் நிற்கத்தான் ஆசை. நான் உன்னை முதலில் டிங்கி வார்டுக்குக் கூட்டிப் போவேன். நாட்டில் டிங்கி அதிகம் பதிவாவது நம் சிலாங்கூரில்தான். இந்த வட்டாரத்தில் தாதி வேலை பார்க்கப் போகிறவளுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு பையன் என்று வைத்துக்கொள். காய்ச்சல் கண்டு நான்காம் நாள். நேற்று 39 டிகிரி இருந்த சூடு இன்று 37.4-க்கு இறங்கிவிட்டது. அம்மா பப்பாளி இலைச் சாற்றையும் ஹண்ட்ரட் பிளஸ் போத்தலையும் மேசையில் வைத்துவிட்டு, "காய்ச்சல் விட்டுருச்சு மிஸ்ஸி, எப்ப வீட்டுக்கு விடுவாங்க?" என்று கேட்கிறார். நீ கட்டிலை விட்டு நகரக்கூடாத நேரம் அதுதான். டிங்கியின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போது தொடங்கி, 24 முதல் 48 மணி நேரம் வரை இருக்கும். இரத்தக் குழாய்கள் கசிந்து நீர்ப்பகுதி வெளியேறும். உள்ளே மிஞ்சும் இரத்தம் கெட்டிப்படும்.

இரத்த அழுத்த மெஷின் 100/80 என்று காட்டுகிறது. மேல் எண் 100 இருக்கிறதே என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகத் தோன்றும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார். காலையில் 110/70, வித்தியாசம் 40. இப்போது 20. அந்த வித்தியாசம் 20-க்கு வந்துவிட்டால் பையன் ஷாக்கில் இருக்கிறான். உடம்பு குழாய்களை இறுக்கிப் பிடித்து மேல் எண்ணைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கையைத் தொட்டுப் பார்: சில்லென்று இருக்கிறதா? நகத்தை அழுத்தி விடு. 2 விநாடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும். கடைசியாக எப்போது சிறுநீர் போனான் என்று கேள். வயிறு வலிக்கிறதா, வாந்தி நிற்கவில்லையா, ஈறில் இரத்தம் கசிகிறதா என்றும் கேள். சொந்தக்காரர்கள் எல்லாரும் பிளேட்லெட் எண்ணிக்கையைத்தான் விசாரிப்பார்கள். நீ, இரத்தம் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று காட்டும் ஹெமட்டோக்ரிட் ஏறுகிறதா என்று பார். பிளேட்லெட் நன்றாக இறங்கியும் தேறி வீட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம். கசிவைக் கவனிக்காமல் விட்டால்தான் பிள்ளை கைவிட்டுப் போய்விடும்.

மூச்சை எண்ணும் விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. வார்டு முழுக்க, கட்டிலுக்குக் கட்டில், சார்ட்டில் 18 அல்லது 20 என்றே இருந்தால் யாரும் எண்ணவில்லை என்றுதான் அர்த்தம். நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாதே. அப்படியே பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணு. எண்ணுகிறாய் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். எண்ணுவது ஏன் முக்கியம் என்பதற்குக் கோவிட் ஒரு பாடம். 2021 ஜூலையில், அது உச்சத்தில் இருந்தபோது, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவு நிரம்பி வழிந்தது. உடம்பில் ஆக்சிஜன் குறைந்தும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பது அந்த நோயின் வஞ்சகம். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, மூச்சையும் எண்ணிப் பார்த்தால்தான் நிலைமை புரியும்.

மருந்துத் தட்டோடு போகும்போது, "நீங்கதானே லெட்சுமி?" என்று கேட்காதே. தோட்டத்தில் வேலை செய்து வளர்ந்த பாட்டிமார்கள், காதில் சரியாக விழாவிட்டாலும் மரியாதைக்கு "ஆமாம்மா" என்று தலையாட்டிவிடுவார்கள். "உங்க பேரு என்ன பாட்டி?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வை. ஒரே வார்டில் இரண்டு லெட்சுமி இருப்பது நம் ஊரில் சாதாரணம். ஏ/பி-க்குப் பின்னால் வரும் அப்பா பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கைப்பட்டையில் ஒத்துப் பார். அதே பாட்டியிடம் வலி இருக்கிறதா என்றால், "ஒண்ணும் இல்ல மிஸ்ஸி" என்பார். அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது முகத்தைப் பார். இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்.

மூன்று வருடம் முடித்து, மலேசியத் தாதியர் வாரியத்தில் பெயர் பதிந்த பிறகு உன் கையெழுத்துக்கு நீயே பொறுப்பு. இப்போது நீ மாணவி; டிரிப் வேகத்தை மாற்றும் அதிகாரம் உனக்குக் கிடையாது. ஆனால் பொறுப்புத் தாதியிடம் சொல்ல வேண்டிய கடமை இன்றைக்கே இருக்கிறது. "பேஷன்ட் ஒரு மாதிரியா இருக்கார் சிஸ்டர்" என்று இழுக்காதே. கட்டில் எண், காய்ச்சலின் எத்தனையாவது நாள், அழுத்தம் எவ்வளவிலிருந்து எவ்வளவு, கை சில்லிட்டிருக்கிறது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்று வரிசையாகச் சொல். அவர் வேலையாக இருந்தால் முகம் சுளிக்கலாம், சொல்லி முடி. எத்தனை மணிக்கு, யாரிடம் சொன்னாய் என்று எழுதி வை. பத்து நிமிடத்தில் யாரும் வரவில்லையென்றால், மறுபடி போய்க் கூப்பிடு.

அன்புடன்,
உன் அக்கா