பத்துப் பிரிவுகளும் ஒரு தீவும்

அன்புள்ள கயல்,

இரு நாட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் அமைதியைத் தருமா என்று கல்லூரிப் பட்டிமன்றத்தில் பேசப் போவதாக எழுதியிருந்தாய். பொத்தாம்பொதுவாகப் பேசாதே, ஒரே ஒப்பந்தத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். என்னைக் கேட்டால், அமெரிக்க - ஜப்பான் ஒப்பந்தத்தை எடு.

1951 செப்டம்பர் 8 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பான் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. அன்றே பிரதமர் யோஷிதா ஷிகெரு, அமெரிக்காவுடன் பாதுகாப்பு ஒப்பந்தமும் செய்தார். அமெரிக்கப் படை ஜப்பானில் தங்கலாம், ஜப்பான் அரசு கேட்டால் உள்நாட்டுக் கலவரத்தைக்கூட அடக்கலாம். ஆனால் ஜப்பானைக் காப்பது அமெரிக்காவின் கடமை என்று அதில் திட்டவட்டமாக எழுதவில்லை. இந்தக் குறையை நீக்கத்தான் 1960இல் பத்துப் பிரிவுகளோடு புதிய ஒப்பந்தம் வந்தது. அதையும் எதிர்த்து லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். ஒப்பந்தம் நிலைத்தது, பிரதமர் கிஷி பதவி விலகினார்.

இன்னொன்றையும் கவனி. ஐரோப்பாவில் நேட்டோ என்ற ஒரே அமைப்புக்குள் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் சேர்ந்து உட்கார்ந்தன. கிழக்காசியாவில் அமெரிக்கா பிலிப்பைன்ஸ், ஜப்பான், தென் கொரியா, தைவான் என்று ஒவ்வொருவருடனும் தனித்தனியே ஒப்பந்தம் போட்டது. எல்லாருக்கும் வாஷிங்டனோடு உறவு இருந்தது. தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அவசரம் யாருக்கும் இல்லை. ஜப்பானும் தென் கொரியாவும் தூதரக உறவு வைத்துக்கொள்ளவே 1965 ஆனது. 'நாம்' என்ற உணர்வு அந்தப் பகுதியில் இன்றும் மெலிந்திருக்க இதுவும் ஒரு காரணம் என்பேன்.

அமைதி கிடைக்கவில்லையா என்றால், கிடைத்தது. 1945க்குப் பிறகு ஜப்பான் மண்ணில் போர் நடக்கவில்லை. ஆனால் அதன் பாரத்தைச் சுமப்பது யார்? 1972 வரை அமெரிக்க ஆட்சியில் இருந்த ஒகினாவா, ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 சதவீதம்தான். அமெரிக்கப் படைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட நிலத்தில் சுமார் 70 சதவீதம் அங்கேதான் இருக்கிறது. கினோவான் நகரின் நட்டநடுவே ஃபுடென்மா விமானத் தளம். அதன் வேலியை ஒட்டி ஒரு தொடக்கப்பள்ளி. 2017 டிசம்பரில், பிள்ளைகள் விளையாட்டு வகுப்பில் இருந்தபோது, ஹெலிகாப்டரின் ஜன்னல் கழன்று மைதானத்தில் விழுந்தது. ஏழு கிலோவுக்கு மேல் எடை. அதன்பின் விமானம் நெருங்கினாலே ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் ஓடி ஒதுங்க வேண்டியிருந்தது. இதைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை.

ஒகினாவா ஒரு காலத்தில் ரியூக்யூ என்ற தனி அரசு. 1879இல்தான் ஜப்பான் அதை மாகாணமாக்கியது. மங்கியிருந்த அந்த நினைவுக்குத் தளங்கள் உயிரூட்டின. ஆளுங்கட்சியில் வளர்ந்த ஓனாகா தகேஷி, கொள்கைச் சண்டையைவிட ஒகினாவா அடையாளமே பெரிது என்று முழங்கி 2014இல் ஆளுநரானார். ஃபுடென்மாவுக்குப் பதிலாக அதே தீவின் ஹெனோகோ கடலைத் தூர்த்துத் தளம் கட்டுவதை 2019 வாக்கெடுப்பில் 70 சதவீதத்துக்கும் மேலானோர் எதிர்த்தார்கள். வேலை நிற்கவில்லை.

எதிரணி ஐந்தாம் பிரிவைச் சொல்லும்: ஜப்பான் தாக்கப்பட்டால் அமெரிக்கா துணை நிற்கும் என்பது அது. ஒத்துக்கொள், அது பெரிய உறுதிமொழிதான். பிறகு தளங்களுக்கு இடம் தரும் ஆறாம் பிரிவை எடுத்து, அந்த இடம் எந்தத் தீவில் இருக்கிறது என்று கேள்.

அன்புடன்,
சித்தப்பா