வீட்டுக்குள் சிக்னல் இல்லையா? காசு செலவழிக்கும் முன் கவனியுங்கள்



நள்ளிரவில் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் 108-ஐ உடனே அழைக்க வேண்டும். வங்கி அனுப்பும் ஓடிபி சில நிமிடங்களுக்குள் வந்து சேர வேண்டும். வளைகுடாவில் இருக்கும் மகன் பேசும்போது தாய் வாசலுக்கு ஓடக் கூடாது. ஆனால் காணை போன்ற ஊர்களில் தெருவில் நன்றாகக் கிடைக்கும் சிக்னல், அறைக்குள் நுழைந்ததும் காணாமல் போகிறது. இதைச் சரிசெய்யப் பெரும்பாலும் பணம் தேவையில்லை.

ஏன் குறைகிறது?

கூரை வீட்டின் ஓலை அலைகளை அதிகம் தடுக்காது. காங்கிரீட் தளமும் அதற்குள் இருக்கும் கம்பியும் தடுக்கும். தகரக் கொட்டகை இன்னும் மோசம். கூரை வீடுகள் மாடி வீடுகளாக மாறும்போது, டவர் இருந்த இடத்திலேயே இருந்தாலும் வீட்டுக்குள் சிக்னல் குறைவது இதனால்தான்.

எப்படி அளப்பது?

திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் செட்டிங்ஸ், அபௌட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் டிபிஎம் என்ற அளவு மைனஸ் எண்ணில் தெரியும். 4ஜி-யில் மைனஸ் 90 நல்லது. மைனஸ் 115 மிகப் பலவீனம். 10 எண் இறங்கினால் வலிமை பத்தில் ஒரு பங்காகிறது. ஒவ்வொரு அறையிலும், ஜன்னல் ஓரத்திலும், மாடியிலும் அளந்து எழுதி வையுங்கள்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

1. இரும்பு பீரோ, பிரிட்ஜ் அருகே போனை வைக்காதீர்கள். சிக்னல் அதிகமுள்ள ஜன்னல் ஓரத்தையே போன் வைக்கும் இடமாக்குங்கள்.

2. 5ஜி வந்து வந்து போனால், நெட்வொர்க் அமைப்பில் 4ஜி-யைத் தேர்ந்தெடுங்கள். பழைய சிம் என்றால் மாற்றிப் பாருங்கள்.

3. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை காலிங்கை இயக்குங்கள். இந்தியாவில் 2019 டிசம்பரில் வந்த இந்த வசதியில், டவர் சிக்னல் இல்லாவிட்டாலும் அதே எண்ணில் பேசலாம். உங்கள் போனும் நிறுவனமும் இதற்கு இடம் தருகின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் மோடமும் நின்றுவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

4. பக்கத்து வீட்டாரின் வேறு நிறுவன போனை உங்கள் அறையில் வைத்து அளந்து பாருங்கள். அது நன்றாக எடுத்தால் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றலாம். PORT என்று எழுதி, இடைவெளி விட்டு உங்கள் எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் குறியீட்டு எண் வரும். தற்போதைய நிறுவனத்தில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும்.

பூஸ்டர் வாங்காதீர்கள்

சிக்னல் பூஸ்டர், ரிப்பீட்டர் என்ற பெயரில் கருவிகள் விற்கப்படுகின்றன. உரிய அனுமதியின்றி இவற்றை விற்பதும், வைத்திருப்பதும், பொருத்துவதும் சட்டப்படி குற்றம். இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. தரமற்ற கருவி டவரை நோக்கி இரைச்சலை அனுப்பும். அந்த டவரை நம்பியிருக்கும் தெருவே பேச முடியாமல் தவிக்கும். நம் வீட்டில் ஒரு கோடு கூடுவதற்காக அண்டை வீட்டாரின் ஆம்புலன்ஸ் அழைப்பு அறுந்துபோவதை நம்மில் யார் விரும்புவோம்?

ஊர் முழுவதும் குறை என்றால்

மாடியிலும் தெருவிலும்கூட எண் மோசமாக இருந்தால் குறை வீட்டில் இல்லை. உங்கள் நிறுவனத்தின் 198-க்கு அழைத்துப் புகார் எண் பெறுங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம். ஒரே தெருவில் பலர் தனித்தனியே புகார் செய்து, அளந்த எண்களையும் தேதியையும் கொடுத்தால் அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

அவசரத்திற்கு

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது விழுப்புரம் மாவட்டம் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டோம். அத்தகைய நேரத்தில் பேச முடியாவிட்டாலும் எஸ்எம்எஸ் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாதபோதும் 112-ஐ அழைத்துப் பாருங்கள். வேறு நிறுவனத்தின் டவர் வழியாக அது கிடைக்கலாம்.

தனியாக வசிக்கும் முதியவர் உங்கள் தெருவில் இருந்தால், இந்த வாரமே அவர் வீட்டில் அளந்து, சிக்னல் கிடைக்கும் இடத்தைச் சுவரில் குறித்துக் கொடுங்கள். பத்து நிமிட வேலைதான். ஓர் உயிருக்கு உதவலாம்.