வாய் திறக்கும்போது நோகுதா?



கொழுந்தெடுக்கும் ஒரு அக்கா, காதுக்கு முன்னால் நோவென்று ஆஸ்பத்திரிக்குப் போனார். எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். லயத்துக்கு வந்ததும், வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறார் என்று பேச்சு. அவருக்கோ வாய்க்குள் இரண்டு விரல்கூடப் போகாது.

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். அசைகிறதே, அதுதான் தாடை மூட்டு. முதலில் கதவுப் பிணைச்சல் போலச் சுழலும், பிறகு முன்னுக்கு வழுக்கும். எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒரு சின்னத் தட்டு உண்டு. அது விலகினால் வாய் திறக்கும்போது 'டக்' என்று சத்தம் வரும். திரும்ப இடத்துக்கு வராவிட்டால் வாய் பூட்டிக்கொள்ளும்.

எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். தலையைச் சுற்றி வந்து எடுக்கும் ஓ.பி.ஜி. படத்தில் இரு பக்கத் தாடையும் பல்லும் ஒன்றாக விழும். முறிவு, தேய்வு பார்க்க அது நல்லது. தோடு, மூக்குத்தி கழற்ற வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எலும்பை நுணுக்கமாகப் பார்க்க சி.டி. ஸ்கேன் இருக்கிறது. ஆனால் அந்த மெத்தைத் தட்டைப் பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் வேண்டும். அது காந்தத்தால் எடுப்பது, எக்ஸ்ரே கதிர் இல்லை. வாயை மூடச் சொல்லி ஒரு படம், திறக்கச் சொல்லி ஒரு படம் எடுப்பார்கள். மெஷின் போடும் சத்தத்துக்குப் பயப்படாதீங்க. உடம்புக்குள் இரும்போ, இதயத்துக்கு வைத்த கருவியோ இருந்தால் மட்டும் மறைக்கக் கூடாது.

அக்காவைப் பிறகு பேராதனைப் பல் வைத்தியசாலைக்குத் துண்டு கொடுத்து அனுப்பினோம். டொக்டர் மூட்டைத் தொட்டுப் பார்த்து, வாய் திறக்கும் அளவெடுத்து, அதற்குப் பிறகுதான் எம்.ஆர்.ஐ.க்கு எழுதினார். தட்டு விலகிப் பூட்டியிருந்தது. கள்ளம் என்று சொன்னவர்கள் இப்போது பேசுவதில்லை!

அதற்காக எல்லோரும் ஸ்கேன் கேட்டு நிற்கவும் வேண்டாம். நோவே இல்லாத ஆட்களைப் படமெடுத்த ஆராய்ச்சிகளிலும் சுமார் மூன்றில் ஒருவருக்குத் தட்டு விலகியிருந்தது. சத்தம் மட்டும் என்றால் பெரும்பாலும் மருந்தே தேவையில்லை. நோவு இருந்தாலும் சூட்டு ஒத்தடமும் மெதுவான சாப்பாடும் அநேகருக்குப் போதும். ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிடுங்க.

வெற்றிலை பாக்கு போடுகிறவர்களுக்கு ஒன்று. வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, உறைப்பு பட்டால் எரிந்து, கன்னத்தின் உள்பக்கம் வெளிறி விறைத்தால் அது மூட்டு வருத்தமாக இருக்காது. பாக்கினால் வரும் வருத்தம், புற்றுநோயாகவும் மாறக்கூடியது. அதற்கு ஸ்கேனுக்குக் காத்திருக்க வேண்டாம், பல் டொக்டர் வாய்க்குள் பார்த்தே கண்டுபிடிப்பார். இன்று ராத்திரியே உங்கள் மூன்று விரலைச் சேர்த்து நெட்டுக்குத்தாகப் பல்லுக்கு நடுவே வைத்துப் பாருங்க. போகாவிட்டால் டிஸ்பென்சரியில் துண்டு வாங்குங்க. பஸ் செலவு கஷ்டமென்றால் என்னிடம் வாங்க.