பனியன் ஊரில் எம்.காம். படிக்கப் போகும் அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணி,

பி.காம். முடித்த கையோடு எம்.காம். பன்னாட்டு வணிகத்தில் சேரலாமா, இல்லை அப்பா சொல்வதுபோல ஏதாவது ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியின் டாக்குமென்டேஷனில் உட்கார்ந்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். சேர்ந்துவிடு என்பதுதான் என் பதில். ஆனால் எதற்காகச் சேர்கிறாய் என்பது உனக்குத் தெளிவாக இல்லாவிட்டால், அந்த இரண்டு வருஷமும் பி.காம்.மின் நான்காம் வருஷம், ஐந்தாம் வருஷம் என்றே கழிந்துவிடும். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். அப்பாவும் படிக்கட்டும்.

திருப்பூரில் துணி செய்யத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் இல்லை. நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள், காஜா பட்டன், செக்கிங் என ஒவ்வொன்றுக்கும் ஊரில் தெருத்தெருவாக ஜாப் ஒர்க் யூனிட்டுகள் இருக்கின்றன. ஓர் ஆர்டர் பத்து வாசல் ஏறி இறங்கிப் பெட்டிக்குள் போகிறது. அந்த அறிவு கையிலிருந்து கைக்குப் போகிறது. முறையாகக் கற்றுத்தர 1997இலிருந்து முதலிபாளையத்தில் நிஃப்ட்-டீ கல்லூரியும் இருக்கிறது. பஞ்சம் வேறோர் இடத்தில். சரக்கு தூத்துக்குடிக்கு லாரி ஏறிய பிறகு, அதற்கான பணம் முழுசாக வருமா, குறைந்து வருமா, வராமலே போகுமா என்பதைத் தையல் தீர்மானிப்பதில்லை. தாள்கள் தீர்மானிக்கின்றன. ஒப்பந்தத்தின் ஒரு வரி, எல்.சி. என்கிற வங்கிக் கடனுறுதிக் கடிதத்தின் ஒரு நிபந்தனை, பிறப்பிடச் சான்றிதழ், வங்கியோடு போட்ட டாலர் ஒப்பந்தம். நன்றாகத் தைத்த சரக்குக்கும் இந்தத் தாள்களால் நஷ்டம் வரும். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் குறைவு. நீ படிக்க நினைக்கும் படிப்பு அந்த இடத்துக்கானது.

எல்.சி.யையே எடுத்துக்கொள். எல்.சி. கைக்கு வந்துவிட்டால் பணமே வந்த மாதிரி என்ற நினைப்பு இங்கே பரவலாக இருக்கிறது. உலகம் முழுக்க வங்கிகள் எல்.சி.யைக் கையாள்வது யு.சி.பி. 600 என்ற விதித்தொகுப்பின்படி. 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் அதில் மொத்தம் 39 விதிகள். வங்கிக்கு ஆவணம்தான் கணக்கு, சரக்கு கணக்கில்லை என்கிறது ஐந்தாவது விதி. இன்வாய்ஸில் சரக்கைப் பற்றிய விவரம் எல்.சி.யோடு ஒத்துப்போகாவிட்டால், பனியன் எவ்வளவு அருமையாக இருந்தாலும் வங்கி கையை விரிக்கலாம். முப்பதாவது விதியில் இன்னும் நுணுக்கமான ஒன்று இருக்கிறது. சரக்கின் அளவு 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்று அது பொதுவாக இடம் கொடுக்கிறது. ஆனால் எல்.சி.யில் அளவு பீஸ் கணக்கில் எழுதப்பட்டிருந்தால் அந்தச் சலுகை கிடையாது. துணியைக் கிலோவில் விற்பவருக்கு உண்டு, டி-ஷர்ட்டைப் பீஸில் விற்பவருக்கு இல்லை. கட்டிங்கிலும் செக்கிங்கிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று கழிவது நம் தொழிலின் இயல்பு என்பது உனக்கே தெரியும். ஆகவே கூடக்குறைய அனுப்பலாம் என்ற வாசகத்தை எல்.சி. திறப்பதற்கு முன்பே பையரிடம் கேட்டு எழுத வைக்க வேண்டும். யார் கேட்பது? மெர்சண்டைசருக்குக் கழிவு தெரியும், விதி தெரியாது. டாக்குமென்டேஷனில் இருப்பவருக்கு விதி தெரிந்திருக்கலாம், ஆனால் அவர் மேசைக்கு எல்.சி. வரும்போது அது எழுதி முடிந்திருக்கும். பிறகு திருத்த வேண்டுமானால் பையர் சம்மதிக்க வேண்டும். இரண்டும் தெரிந்த ஒருவர் பேரம் பேசும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். நீ அங்கே இருக்க வேண்டும்.

வரி விஷயமும் இப்படித்தான். அமெரிக்காவில் பருத்தி டி-ஷர்ட்டுக்கு அடிப்படைச் சுங்கவரி 16.5 சதவீதம். செயற்கை இழை டி-ஷர்ட்டுக்கு 32. கலப்புத் துணியானால் எடையில் எந்த இழை மிகுதியோ அதைக்கொண்டு வகைப்படுத்துவார்கள். அறுபதுக்கு நாற்பது என்ற கலப்பைத் திருப்பிப் போட்டால் வரி ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். சாம்பிள் போடும்போது நூல் விலையை மட்டும் பார்த்துக் கலப்பை மாற்றுகிறவருக்கு இது தெரிய வழியில்லை. ஐரோப்பாவில் நம் டி-ஷர்ட்டுக்கு வரி இருந்த காலத்தில், 2001 முதல் வங்கதேசத்துக்கு வரியே கிடையாது. அதோடு முடியவில்லை. 2011 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பிட விதியைத் தளர்த்தியது. மிகவும் பின்தங்கிய நாடுகள் வெளியிலிருந்து துணியை இறக்கித் தைத்து மட்டும் அனுப்பினாலும் சலுகை உண்டு என்றது. அந்தத் தளர்வு அவர்களுக்கு எத்தனை பெரிய கதவைத் திறந்துவிட்டது என்று யோசித்துப் பார். 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் நம் ஆடைகளுக்கும் அந்தச் சந்தையில் வரி விலகுகிறது. ஆனால் சலுகை தானாக வந்து சேராது. பிறப்பிட விதியைப் படித்து, நூலும் துணியும் எங்கிருந்து வந்தன என்று காட்டும் பில்களை வரிசையாக வைத்திருப்பவருக்கே அது கிடைக்கும்.

தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருப்பூர் பட்ட பாடு ஒன்று இருக்கிறது. 2007இல் டாலரின் மதிப்பு 44 ரூபாய் அளவிலிருந்து 40க்குக் கீழே இறங்கியது. ஏற்றுமதியாளர்கள் தவித்தார்கள். அந்த நேரத்தில் வங்கிகள் டாலர், யென், சுவிஸ் பிராங்க் என்று பல நாணயங்களைப் பின்னிய டெரிவேடிவ் ஒப்பந்தங்களை விற்றன. பாதுகாப்பு என்று எண்ணி வாங்கினார்கள். 2008இல் நாணயங்கள் எதிர்த்திசையில் ஓடியபோது வந்த நஷ்டம், தொழிலின் லாபத்தோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குப் போனது. பலர் நீதிமன்றம் ஏறினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில், கோவைப் பகுதிச் சர்க்கரை நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில், இப்படிப்பட்ட ஒப்பந்தம் சூதாட்ட ஒப்பந்தம் ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. புரியாமல் கையெழுத்திட்டவர்களை மட்டும் குறை சொல்லி இதைக் கடக்க எனக்கு மனமில்லை. விற்றவர்களுக்கும் அதில் பொறுப்பு இருந்தது. ஆனாலும் சாதாரண ஃபார்வர்ட் ஒப்பந்தத்துக்கும் அந்தப் பின்னலுக்கும் என்ன வித்தியாசம் என்று எடுத்துச் சொல்ல ஒரு கம்பெனிக்குள் ஓர் ஆள் இருந்திருந்தால், அந்தக் கம்பெனி கதை வேறு மாதிரி போயிருக்கும்.

அப்படியானால் பன்னாட்டு வணிகத்தை மட்டும் படித்தால் போதாதா, எம்.காம். எதற்கு என்று கேட்பாய். இரண்டும் சேர்ந்திருப்பதில்தான் இந்தப் படிப்பின் பலம். கணக்குப் போட்டுப் பார். 20,000 பீஸ், பீஸுக்கு 3 டாலர், மொத்தம் 60,000 டாலர். டாலரை 85 ரூபாய் என்று வைத்து விலை சொன்னால் 51 லட்சம். அதில் 5 சதவீதம் லாபம் என்றால் 2,55,000 ரூபாய். பணம் வரும் நாளில் டாலர் 83 ஆகிவிட்டால் 1,20,000 ரூபாய் போய்விடும், கிட்டத்தட்ட பாதி லாபம். காஸ்டிங் தெரியாதவருக்கு இந்த 2 ரூபாயின் கனம் உறைக்காது. இன்னொன்றும் பார். 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரியில் ஒரு பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுத்தால், பணத்தை எந்த வருஷம் கொடுக்கிறாயோ அந்த வருஷம்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். நம் ஊர் ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் பெரும்பாலானவை குறுந்தொழில்கள். வெளிநாட்டுப் பையர் 60 நாள், 90 நாள் கடன் கேட்கிறார். இந்தப் பக்கம் 45, அந்தப் பக்கம் 90. நடுவில் உள்ள இடைவெளிக்கு வங்கி வட்டி எவ்வளவு, அதைப் பீஸ் விலையில் எத்தனை சென்ட்டாக ஏற்றுவது? வருமான வரி வகுப்பில் பாதியும் ஏற்றுமதி நிதி வகுப்பில் மீதியும் இருக்கும் கேள்வி இது. இரண்டு வகுப்பிலும் உட்கார்ந்தவரால் மட்டுமே இதைக் கேட்கக்கூட முடியும்.

சாயக் கூலியும் அப்படித்தான். 2011 ஜனவரியில் நொய்யலின் சீர்கேட்டுக்காகச் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்பின் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாதபடி சுத்திகரித்த பிறகே பட்டறைகள் ஓட முடிந்தது. அந்தச் செலவு நம் துணியின் விலையில் ஏறியிருக்கிறது. போட்டி நாடுகள் பலவற்றில் இந்தச் சுமை இல்லை. இதை வெறும் சுமையாகவே எழுதிவைக்கிறோம். கிலோவுக்கு எவ்வளவு தண்ணீர் மீட்கப்பட்டது என்று ஆர்டர் வாரியாகக் கணக்கு வைத்துப் பையரின் மேசையில் போட்டால், அதே செலவு விலை கேட்பதற்கான நியாயமாகும். பருத்தி உள்ளிட்ட சீனாவின் ஷின்ஜியாங் பொருள்களுக்கு எதிரான அமெரிக்கச் சட்டம் 2022 ஜூன் 21 அன்று நடப்புக்கு வந்த பிறகு, நூலின் பூர்வீகத்தைக் காட்டும் தாளுக்கும் மதிப்பு கூடியிருக்கிறது.

அப்பாவின் மறுப்பு எனக்குத் தெரியும். இந்த ஊரை உண்டாக்கியவர்கள் எம்.காம். படித்தா உண்டாக்கினார்கள் என்பார். உண்மைதான். எழுபதுகளின் கடைசியில் மும்பை வியாபாரிகள் வழியாக இத்தாலிக்கு ஆர்டர் போகத் தொடங்கியபோது கேள்வி ஒன்றே ஒன்று: தைத்துத் தர முடியுமா? கேட்டவர்களுக்கு முடியும் என்று சொல்லும் துணிச்சல் இருந்தது. அதற்குப் பிறகு ஏற்றுமதிக் கோட்டா. 2005 ஜனவரி 1 அன்று அது ஒழியும்வரை, கோட்டா கையில் இருந்தால் ஆர்டர் கையில் இருந்தது. 1990இல் சுமார் 300 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி இன்று 40,000 கோடியை ஒட்டி நிற்கிறது. அந்தத் துணிச்சலின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் கோட்டா போன இடத்தில் பிறப்பிட விதி, தடமறியும் ஆவணம், ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும் வரி என்று நூறு விதிகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. சொந்தபந்தமும் முதலும் இருந்தால் போதும் என்பதற்கும் ஒரு பதில் உண்டு. அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூர் கம்பெனிகளை ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளூர்க் கவுண்டர் குடும்பங்களின் கம்பெனிகளில் முதலீடு கூடுதல். ஆனால் வெளியிலிருந்து வந்தவர்கள் சிறிய முதலோடு தொடங்கியும் வேகமாக வளர்ந்து உற்பத்தியில் அவர்களைத் தாண்டினார்கள் என்று அது காட்டுகிறது. அந்த ஆய்வு படிப்பைப் பற்றியதல்ல. ஆனால் முதல் மட்டுமே வளர்ச்சியைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று நமக்கு வேண்டாம்.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குமீது கூடுதலாக 50 சதவீத வரி போட்டது. ஊர் ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் அந்த நாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்படி ஆட்டம் காணும் தொழிலை நம்பிப் படிப்பதா என்று உன் தோழிகள் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நியாயமான பயம், அதை லேசாகத் தள்ள மாட்டேன். வரி ஏறும், இறங்கும், இன்னொரு நாடு இன்னொரு நாளில் போடும். ஏறிய நாளில் யார் தாங்கினார்கள் என்று பார். வரி கூடினால் யார் சுமப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதிவைத்தவர்களும், 2022 முதல் அமீரகத்தோடும் ஆஸ்திரேலியாவோடும் நடப்பில் இருக்கும் ஒப்பந்தங்களைப் பயன்படுத்தி அங்கே கொஞ்சம் கால் ஊன்றியவர்களும் அல்லவா? தொழில் அமைதியாக இருக்கும் காலத்தில் இந்தப் படிப்பு இல்லாமலும் சமாளிக்கலாம். இப்போது முடியாது. தவிர, எல்.சி.யும் சுங்க வகைப்பாடும் பனியனுக்கு மட்டும் சொந்தமில்லை. கோவையின் பம்புசெட்டுக்கும் கரூரின் வீட்டு ஜவுளிக்கும் இதே விதிகள்தான்.

கம்ப்யூட்டரே எல்லா டாக்குமென்டையும் போட்டுவிடும் என்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லலாம். ஷிப்பிங் பில்லை அது நிரப்பட்டும். எந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொள்வது என்று அதற்கு முன்னால் முடிவெடுக்கும் வேலைக்குத்தான் நீ படிக்கிறாய்.

எனக்கே உள்ள ஒரு தயக்கத்தையும் மறைக்க மாட்டேன். பாடத்திட்டத்தில் வணிகக் கோட்பாடுகளின் வரலாறு நிறைய இருக்கும், தேர்வு மனப்பாடத்தைக் கேட்கும். அதை மட்டும் எழுதி மதிப்பெண் வாங்கினால் அப்பா சொன்னதுதான் சரியாகிவிடும். அதனால் முதல் பருவத்திலேயே யு.சி.பி. 600இன் 39 விதிகளையும் மூலத்திலேயே படி. சுங்க அட்டவணையின் 61ஆம் அத்தியாயம் முழுக்க நம் பின்னலாடைதான். அதை ஒருமுறை வரிவரியாகப் பார். புராஜெக்டுக்கு எங்கேயோ உள்ள பெரிய கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுக்காதே. முடிந்துபோன ஒரே ஓர் ஆர்டரின் கோப்பை, நூல் பில்லிலிருந்து வங்கிக்குப் பணம் வந்த தாள்வரை, தர ஒப்பும் ஒரு கம்பெனியிடம் கேட்டு வாங்கிப் படி. விலை சொன்ன நாளில் எண்ணிய லாபமும் கடைசியில் வந்த லாபமும் எவ்வளவு, வித்தியாசம் எந்தெந்தத் தாளில் போனது என்று எழுது. சனிக்கிழமைகளில் டாக்குமென்டேஷனில் உட்கார அப்பா ஏற்பாடு செய்தால் மறுக்காதே. படிப்பை விட்டுவிட்டு அங்கே போவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

விண்ணப்பக் கெடு முடிவதற்குள் இந்தக் கடிதத்தை அப்பாவிடம் காட்டு. அந்த 45 நாள், 90 நாள் கணக்கை மட்டும் நீயே அவருக்குப் போட்டுக் காட்டு. அவர் யூனிட்டிலேயே அதற்கு எண்கள் இருக்கும்.

அன்புடன்,
பெரியப்பா