தேக்கந்தோப்பில் இளமரங்களைக் கலைத்தல்

தேக்கங்கன்றுகளை நெருக்கமாக நடுவது வழக்கம். இளமையில் நெருக்கம் நன்மையே. மரங்கள் வெளிச்சத்தை நாடி நேராக உயரும். பக்கக்கிளைகள் நிழலில் பட்டு உதிரும். ஆனால் மரத்தலைகள் ஒன்றோடொன்று கூடிய பின்னரும் அவ்வாறே விட்டுவிடின், அந்நெருக்கமே தீமையாகும். தேக்கு நிழலைப் பொறாத மரம். தலை குறுகினால் தண்டு பருக்காது. மெலிந்த மரம் காற்றில் வளையும்.

ஆறடிக்கு ஆறடி நட்ட ஓர் ஏக்கரில் 1,210 கன்றுகள் இருக்கும். நல்ல நிலத்தில் ஏறக்குறைய 5-ஆம் ஆண்டில் மூலைவாட்டு வரிசைகளில் ஒன்று விட்டு ஒன்றை வெட்டினால் 605 மரங்கள் நிற்கும். இடைவெளி எட்டரை அடியாகும். 10-ஆம் ஆண்டையொட்டி நேர்வரிசைகளில் ஒன்று விட்டு ஒன்றை வெட்டினால் 300 மரங்கள்வரை 12 அடி இடைவெளியில் நிற்கும். இளைத்த நிலத்தில் வளர்ச்சி தாமதப்படுமாதலால், ஆண்டைவிடத் தலைகள் கூடுவதையே அடையாளமாகக் கொள்ளல் வேண்டும். கன்றுகள் பட்டுப்போய் வெளி விழுந்த இடங்களில் வரிசைக் கணக்கைப் பாராது, அருகில் நிற்பவற்றை விட்டுவிடுவதே முறை.

இதன்பின் மரம் பார்த்தே கலைத்தல் வேண்டும். நோயுற்றவை, கோணியவை, கவட்டையாகப் பிரிந்தவை, பிற மரங்களின் நிழலில் அடங்கியவை ஆகியவற்றை முதலில் நீக்குக. பருத்த மரம் விலைபோகுமென்று அதனை வெட்டி, மெலிந்ததை நிறுத்துவது விதைநெல்லை உண்பதை ஒக்கும்.

நீக்கவேண்டிய மரங்களுக்கு இலையுதிருமுன் அடையாளமிடுக. அப்பொழுதே தலைகளின் நெருக்கம் நன்கு புலப்படும். இலையுதிர்ந்தபின் வெட்டினால் அண்டை மரங்கள் முறிவது குறையும். அடிக்கட்டையில் துளிர்ப்பவற்றை ஒடித்துவிடுக. ஒரே தடவையில் மிகுதியாக வெட்டலாகாது. திடீரென வெயில் பட்டால் தண்டில் பக்கத்துளிர்கள் கிளைத்து மரம் கணுப்படும். வெட்டிய கழிகள் பந்தற்கால், வேலிக்கால், கூரைவாரை முதலியவற்றிற்குப் பயன்படும்.

மலையாளத்து நிலம்பூரில் கலெக்டர் கானலியின் முயற்சியால் 1840-களில் தொடங்கிய தேக்குத்தோட்டத்தைச் சாத்துமேனன் என்பவர் முன்னின்று வளர்த்தார். அங்கே 1846-இல் நட்ட பகுதியில் இன்றும் நிற்கும் பெருமரங்கள், நட்டவற்றுள் மிகச் சிலவே.

உயிருள்ள மரத்தை வெட்ட மனம் ஒப்பாமல் காலங்கடத்துவோர் பலர். நெடுநாள் நெருக்குண்ட மரம், பின்னர் இடம் கிடைத்தாலும் எளிதில் தேறுவதில்லை. வெட்டுவதற்கும் கொண்டுசெல்வதற்கும் வேண்டிய அனுமதியைப்பற்றி வனத்துறையாரிடம் முன்னரே விசாரித்துக் கிராம அதிகாரிகள் குடியானவர்களுக்குத் தெரிவித்தல் நலம்.