எஞ்சினைக் கையாற் சுழற்றும் முறை

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கமக்காரர் பலர் இருசில்லு உழவு இயந்திரத்தையே நம்பி வயல் செய்கின்றனர். போகங்களுக்கிடையே ஓடாது கிடக்கும் எஞ்சின், வாவிக்காற்றின் உப்பீரத்தால் உள்ளே துருப்பிடித்து இறுகக்கூடும். 2011 ஆம் ஆண்டு சனவரியில் நேர்ந்தது போன்ற மாரி வெள்ளத்தில் மூழ்கினால் அதனுள் நீரும் புகும். நீர் காற்றைப்போல் அமுங்காது. நீர் உள்ளிருக்க எஞ்சினை ஓட்ட முயன்றால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளையக்கூடும். ஆதலால், ஓட்டுமுன் கையால் மெல்லச் சுழற்றிப் பார்த்தல் அவசியமாகும். அதனைச் செய்யுங்கால் கைக்கு ஊறு நேராது காத்தலும் அவசியமாகும்.

ஆபத்து எங்குளது?

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டியதில்லை. அமுக்கப்பட்ட காற்றின் வெப்பமே எண்ணெயைப் பற்றவைக்கும். எனவே சாவியை எடுத்துவிட்டால் எஞ்சின் ஓடாது என எண்ணற்க. எண்ணெய் செல்லும் வழி திறந்திருப்பின், கையாற் சுழற்றும்போதே அது பற்றலாம். பிஸ்டன் உச்சியைத் தாண்டுமுன் பற்றினால், சில்லு எதிர்த்திசையில் உதைக்கும்.

மோட்டார் வாகனங்களைக் கைப்பிடியால் தொடக்கிய காலத்தில் இவ்வுதைப்பால் கையொடிந்தோர் பலர். மணிக்கட்டருகே ஏற்படும் ஒருவகை எலும்பு முறிவுக்கு மருத்துவர் 'சாரதி முறிவு' என்றே பெயரிட்டனர். 1912 இல் கடிலாக் வாகனங்களில் சார்ள்ஸ் கெற்றரிங்கின் மின்தொடக்கி இடம்பெற்ற பின்னரே இத்துன்பம் குறையத் தொடங்கிற்று. நம் வயல் எஞ்சின்கள் பலவற்றிலோ கைப்பிடி இன்றும் உளது. ஆகவே, எஞ்சின் பற்றாதபடி செய்த பின்னரே அதனைச் சுழற்றுதல் வேண்டும்.

சுழற்றுமுன் செய்யவேண்டியவை

1. எஞ்சின் நன்கு ஆறியிருத்தல் வேண்டும். சூடான எஞ்சின் எளிதிற் பற்றும்.
2. இயந்திரத்தைச் சமநிலத்தில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கியரை நீக்கிவிடுக.
3. எண்ணெய் நெம்பை நிறுத்தும் நிலைக்குத் தள்ளி, தாங்கியின் குழாயையும் மூடுக.
4. பற்றரி உண்டாயின் அதன் கம்பியைக் கழற்றுக. பெற்றோலில் ஓடும் நீரிறைக்கும் எஞ்சினாயின், பிளக்கின் கம்பியைக் கழற்றி அப்பால் வைக்குக. சுழற்சியே அங்கு தீப்பொறியை உண்டாக்கும்.
5. சாரத்தை இறுக மடித்துக் கட்டுக. சிறுவரை விலக்கி நிறுத்துக.

சுழற்றும் முறை

அமுக்கத்தைத் தளர்த்தும் சிறு நெம்பை ஒரு கையாற் பிடித்துக்கொண்டு, மறுகையாற் கைப்பிடியைச் சுழற்றுக. பெருவிரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காது, மற்றை விரல்களின் பக்கமே வைத்தல் வேண்டும். அப்போது உதைப்பு நேரினும் கைப்பிடி விரல்களினின்று விலகிப் போகும். சில்லில் அம்புக்குறி காட்டும் திசையிலேயே, வேகமின்றிச் சுழற்றுக. பெல்ற்றைப் பிடித்து இழுத்து ஒருபோதும் சுழற்றலாகாது. பெல்ற்றுக்கும் சில்லுக்கும் இடையே விரல் நசியும்.

நெம்பு தளர்ந்திருந்தும் சில்லு அசையாவிடின் வலிந்து திருப்பற்க. குழாயைச் செருகி நெம்புவதும், சுத்தியலால் அடிப்பதும் கேட்டையே தரும். வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினாயின், அதன் எண்ணெயை முதலில் வடித்துப் பார்க்குக. பால்போல் வெளுத்திருப்பின் உள்ளே நீர் கலந்துளது. அப்போது பொறிவல்லாரைக் கொண்டு, எண்ணெய் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றுவித்து, நீரை வெளியேற்றிய பின்னரே சுழற்றுக. அத்துளைக்கு நேரே முகத்தையோ கையையோ வைத்தலாகாது.

வேலை முடிந்ததும் கைப்பிடியை உடனே எடுத்துவிடுக. மறந்துவிடின், எஞ்சின் ஓடும்போது அது சுழன்று தெறித்து ஆளைத் தாக்கக்கூடும்.

போகம் முடிந்தபின்

எண்ணெய் வழியை அடைத்த நிலையிலேயே, அமுக்கம் கைக்குக் கடினமாகத் தோன்றும் இடம்வரை சில்லை மெல்லத் திருப்பி நிறுத்துக. அந்நிலையில் இரு வால்வுகளும் மூடியிருக்கும். உப்பீரக்காற்று சிலிண்டரினுள் எளிதிற் புகாது. அடுத்த போகத்திற்கு வயலில் இறங்குமுன் இம்முறையிலேயே மீண்டுஞ் சுழற்றிப் பார்த்து, தடையின்றிச் சுழல்கின்றதென உறுதிசெய்த பின்னரே எண்ணெய் வழியைத் திறவுங்கள்.