பழைய டிராக்டருக்கு மாற்று டிரெய்லர் வாங்குதல்

கள்ளக்குறிச்சி ஜில்லாவில் டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகளில் பலர், இயந்திரத்தை இரண்டொரு தடவை பழுது பார்த்துப் பதினைந்து, இருபது வருஷங்கள் வரையில் உபயோகித்து வருகின்றனர். ஆனால் அதன் பின்னால் இழுக்கப்படும் டிரெய்லர் அவ்வளவு காலம் தாங்குவதில்லை. தொழு உரமும், ரசாயன உரமும், ஈரமண்ணும் மாறி மாறி ஏற்றப்படுவதால் அடித்தகடு துருவேறி ஓட்டை விழுகிறது, சட்டத்தின் பற்றவைப்புகள் விண்டு போகின்றன, அச்சு வளைகிறது. பட்டறையில் மேலும் மேலும் ஒட்டுப்போடுவதைக் காட்டிலும் வேறு டிரெய்லர் வாங்குவதே சிக்கனம் என்று தோன்றும் காலம் வருகிறது. அப்பொழுது கவனிக்க வேண்டியவற்றை நிலச்சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளும் அறியும்பொருட்டு இங்கே விவரிப்போம்.

இது அற்ப விஷயமன்று. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குச் செல்லும் கரும்பு, வெட்டிய ஒவ்வொரு நாளும் எடையிலும் சர்க்கரைச் சத்திலும் குறைந்துகொண்டே போகும். மரவள்ளிக் கிழங்கோ பிடுங்கிய இரண்டு மூன்று தினங்களில் உள்ளே கறுக்கத் தொடங்கிவிடும். அச்சு முறிந்து ஒரு நாள் சாலையில் நின்றால், அந்த வருஷத்து லாபத்தில் ஒரு பகுதி அங்கேயே போயிற்று. அன்றியும், பொருத்தமில்லாத டிரெய்லர் சரிவில் ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

வாங்குவோரில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "எத்தனை அடி நீளம்?" என்பதே. எவ்வளவு எடை என்று கேட்பதே முறை. 11 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரமுள்ள பெட்டியின் கொள்ளளவு 132 கன அடி. ஒரு கன அடி நெல் சுமார் 16 கிலோ. ஆகவே தலைதட்டி நெல் நிரப்பினால் 2 டன்னுக்குச் சற்று மேல் வரும். அதே பெட்டியில் மணலை நிரப்பினால், கன அடிக்கு 45 கிலோ வீதம், 6 டன்னை நெருங்கிவிடும். பெட்டி ஒன்றே; பாரம் மூன்று மடங்கு. நெல்லுக்கும் கரும்புக்கும் என்று வாங்கிய டிரெய்லரில் ஏரி வண்டலை விளிம்புவரை ஏற்றுவதனாலேயே நம் பக்கத்தில் அச்சுகள் வளைகின்றன. பெட்டி பெரிதாக இருக்குமானால் அதை நிரப்பாமல் விடும் மனம் யாருக்கும் வருவதில்லை. பழைய 35 குதிரைச் சக்தி டிராக்டருக்குச் சிறிய பெட்டியே மேல் என்பது எமது அபிப்பிராயம்.

இரண்டு சக்கரமா, நான்கு சக்கரமா என்பது அடுத்த கேள்வி. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்பவற்றை விளக்க வேண்டியதில்லை. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலே தூக்கிக் கழுத்துக் கயிறு இறுகும். இருசக்கர டிரெய்லரின் நியாயமும் இதுவே. அதன் முன்பாரம் டிராக்டரின் கொக்கியின் மீது இறங்கிப் பின்சக்கரங்களைத் தரையில் அழுத்துவதால், சேற்றிலும் மேட்டிலும் பிடிப்பு அதிகரிக்கிறது. முன்பாரம் அளவு கடந்தால் டிராக்டரின் முன்சக்கரங்கள் இலேசாகி, திருப்பும் சக்கரத்தைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. பின்பாரமானால் கொக்கி மேலே தூக்கப்பட்டுப் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொக்கியில் இறங்க வேண்டும். இதை அறிய எடைமேடைக்குச் சென்று, டிராக்டருடன் இணைத்தபடியே டிரெய்லரின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு முறையும், கழற்றித் தாங்கு காலும் மேடையிலேயே ஊன்றும்படி நிறுத்தி ஒரு முறையும் எடை போட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கொக்கியின் பாரம்.

நான்கு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தானே சுமக்கும். நீண்ட சமதளச் சாலையில் கரும்பு கொண்டு செல்ல அது நன்று. ஆனால் டிராக்டருக்குப் பிடிப்பை அளிக்காது. பின்னோக்கிச் செலுத்துவதும் கடினம். வயல் வரப்புகளுக்கிடையே உழல்பவர்கள் இருசக்கர டிரெய்லரையே விரும்புவதற்குக் காரணம் உண்டு.

கல்வராயன் மலைப் பாதைக்குத் தனிக் கணக்கு தேவை. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை செல்லும் வழியிலும், உட்கிராமங்களின் மண் பாதைகளிலும், ஏறுவதைவிட இறங்குவதே அபாயம். டிராக்டர் 2 டன், பாரத்துடன் டிரெய்லர் 5 டன், ஆக 7 டன் என்று வைத்துக்கொள்வோம். பத்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் இந்த 7 டன் சுமார் 700 கிலோ விசையுடன் கீழ்நோக்கித் தள்ளும். டிரெய்லருக்குப் பிரேக் இல்லாவிடில், இதைத் தடுக்க இருப்பவை டிராக்டரின் இரண்டு பின்சக்கரங்களே. அவற்றின் மீதுள்ள எடை ஏறக்குறைய 1,300 கிலோ. உலர்ந்த சாலையில் அதில் பத்தில் ஆறு பங்கு பிடிப்பாகக் கிடைத்தால் 780 கிலோ, மயிரிழையில் தப்பலாம். நனைந்த செம்மண்ணில் பத்தில் மூன்று பங்கே கிடைப்பின் 390 கிலோதான். அப்பொழுது டிராக்டர் நின்றாலும் டிரெய்லர் நில்லாது. பின்னிருந்து தள்ளி, வளைவில் டிராக்டரை மடக்கிக் கவிழ்த்துவிடும். கியரில் இறக்கினால் போதுமே என்று சிலர் கூறுவர். என்ஜினின் தடையும் அதே பின்சக்கரங்களின் வழியாகத்தான் வேலை செய்கிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். கொக்கியின் முன்பாரம் ஓரளவு உதவும். ஆனால் மேற்படி குறையை முழுதும் ஈடு செய்யாது.

ஆகையால் மலையிலிருந்து மரவள்ளி இறக்குவோர், சக்கரங்களில் பிரேக் உள்ள டிரெய்லரையே, விலை கூடினாலும், வாங்க வேண்டும். டிரெய்லர் முன்னே தள்ளும்பொழுது தானே பிடிக்கும் வகையும் உண்டு. டிராக்டரிலிருந்து எண்ணெயாலோ காற்றாலோ இயங்கும் வகையும் உண்டு. பழைய டிராக்டருக்கு முதல் வகையே எளிது. இறங்குமுன் தாழ்ந்த கியரைப் போட்டுக்கொள்வதும், இடது வலது பிரேக் மிதிகளைத் தாழிட்டு ஒன்றாக்குவதும், சரிவின் நடுவில் கியரை மாற்றாதிருப்பதும் அவசியம். மழையில் நனைந்த பாதை உலரும்வரை பாரத்துடன் இறங்கலாகாது.

பழைய டிராக்டரோடு பொருந்துமா என்பதை வாங்கும் இடத்துக்கே டிராக்டரை ஓட்டிச் சென்று பார்த்தல் நலம். கொக்கி பின்அச்சுக்குத் தாழ்வாகவே இருக்க வேண்டும்; அச்சுக்கு மேலே பூட்டி இழுத்தால் டிராக்டர் மல்லாந்துவிடக்கூடும். தானே கொட்டும் டிப்பர் வகையாயின், பழைய ஹைடிராலிக் பம்பு பாரத்துடன் பெட்டியைத் தூக்குகிறதா என்று சோதிக்க வேண்டும். வெறும் பெட்டியைத் தூக்கிக் காட்டுவது சோதனையாகாது.

இரண்டாம் கையாக வாங்குபவர்கள் புதுப் பூச்சைக் கண்டு மயங்கலாகாது. கீழே குனிந்து சட்டத்தின் பற்றவைப்புகளைச் சிறு சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். ஜாக்கியால் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றினால் பேரிங்கின் கரகரப்புக் கேட்கும். இருபுறமும் பிடித்து அசைத்தால் தளர்ச்சி தெரியும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் வருஷத்து 23வது வாரத்தில் செய்யப்பட்டது. பூ தேயாமலிருந்தாலும், பல வருஷங்கள் வெயிலில் கிடந்த டயர் பாரத்தில் வெடிக்கும்.

கிராம அதிகாரிகள் விசேஷமாகக் கவனிக்கற்பாலது பின்வருவது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. அதற்குத் தனிப் பதிவு வேண்டும். டிராக்டருக்குப் பாலிசி இருந்தால் டிரெய்லருக்கும் சேர்ந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. பாலிசியில் அதன் எண்ணும் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். உள்ளூர்ப் பட்டறையில் செய்ததாயின், பதிவு கிடைக்குமா என்பதை முன்பணம் கொடுக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்க. பழையதாயின், சட்டத்தில் பொறித்த எண்ணும் பதிவுச் சான்றின் எண்ணும் ஒத்திருக்கின்றனவா, வங்கிக் கடன் குறிப்பு நீக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். நம் மாகாணத்துக்குள் கைமாறும்பொழுது விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். விவசாயத்துக்கென்று பாலிசி எடுத்துவிட்டுச் செங்கல்லும் மணலும் வாடகைக்கு ஏற்றினால், விபத்தின்போது கம்பெனி பணம் தர மறுக்க இடமுண்டு. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஆட்களை ஏற்றிச் செல்வதும் அவ்வாறே. டிரெய்லர் பயணிகளுக்கான வண்டியன்று.

புது டிரெய்லரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, முதல் இரண்டு மூன்று பாரங்களுக்குப் பின் சக்கர நட்டுகளையும், அச்சைப் பிடிக்கும் வளைவு போல்ட்டுகளையும் மறுபடி முடுக்க வேண்டும். புதிய உலோகம் அமர்ந்து அவை தளர்வது இயல்பு. மழைக்காலத்தில் உரம் ஏற்றிய அன்றே அடித்தகட்டைக் கழுவி, பெட்டியின் பின்பக்கம் சற்றுத் தாழ நிறுத்தி, நீர் வடிய விடுக.